கூகுள் ரேங்க் ஊருக்கு ஊர், சர்வருக்கு சர்வர் மாறுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையோ கிளினிக்கோ டியூஷன் சென்டரோ நடத்திக்கொண்டு, அதற்கு ஒரு வெப்சைட்டும் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வெப்சைட் செய்து கொடுக்கும் இளைஞர்களுக்கும் பயன்படட்டும் என்று சர்வர் (தளங்களையும் தேடலையும் இயக்கும் கம்ப்யூட்டர்) விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன். நம் ஊரில் தேடுவது என்றாலே கூகுள்தான் என்பதால் பதில்கள் பெரும்பாலும் அதை வைத்தே இருக்கும்.

என் போனில் தேடினால் என் தளம் முதலில் வருகிறது. சென்னையில் இருக்கும் மச்சான் தேடினால் மூன்றாம் பக்கத்தில்கூட இல்லை. எது உண்மையான ரேங்க்?

இரண்டுமே உண்மைதான். ஒரு தளத்தின் மேல் நிரந்தரமாக ஒட்டிவைத்த எண் என்று எதுவும் கூகுளிடம் கிடையாது. ஒருவர் தேடுகிற அந்த நொடியில்தான் வரிசை போடப்படுகிறது. அவர் தட்டிய சொற்கள், நிற்கிற இடம், போனில் வைத்திருக்கும் மொழி, கையில் இருப்பது போனா கம்ப்யூட்டரா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த வரிசையைத் தீர்மானிக்கின்றன. ஆள் மாறினால் வரிசையும் மாறலாம்.

அண்ணா நகர் சென்னையிலும் இருக்கிறது, மதுரையிலும் இருக்கிறது. கே.கே.நகர் சென்னை, மதுரை, திருச்சி மூன்றிலும் உண்டு. "அண்ணா நகர் பல் டாக்டர்" என்று மதுரையில் ஒருவர் தேடும்போது சென்னை டாக்டரைக் காட்டினால் அவருக்கு என்ன பயன்? பல் வலியோடு நானூறு கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. அதனால் ஒரே சொற்களுக்கு மதுரையில் ஒரு பட்டியல், சென்னையில் இன்னொரு பட்டியல். மதுரை டாக்டர் தன் கிளினிக்கில் உட்கார்ந்து தேடிப் பார்த்து முதலிடம் என்று மகிழ்வதும் சரி, சென்னையில் அவர் பெயரே வராததும் சரி.

எதைத் தேடினாலும் இடத்தைப் பார்க்குமா?

இல்லை. தேடுபவர் எங்கே இருக்கிறார் என்பதால் விடை மாற வேண்டிய கேள்விகளுக்குத்தான் இடம் பெரிதாகக் கணக்கில் வரும். 2017 அக்டோபரில் கூகுள் தந்த தகவல்படி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு தேடல் இடம் சார்ந்தது.

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். "சுங்குடிச் சேலையில் முடிச்சு போடுவது எப்படி" என்ற தேடலுக்கு மதுரையிலும் கோவையிலும் ஏறக்குறைய ஒரே பக்கங்கள்தான் வரும். "சுங்குடி சேலை விலை" என்றால் கொஞ்சம் மாறும். ஆன்லைனில் விற்கும் பெரிய தளங்கள் மேலே இருக்கும், நடுவில் ஊர்க் கடை ஒன்றிரண்டு வரலாம். "சுங்குடி சேலை கடை" என்று தட்டினால் மேப்பும் கடைகளும்தான் முதலில். டவுன்ஹால் ரோட்டில் நின்று தேடினால் ஒரு வரிசை, திருமங்கலத்தில் நின்று தேடினால் வேறு வரிசை. தளம் ஒன்றுதான். கேள்வியில் ஒரு சொல் மாறியதும் இடத்துக்கு உள்ள மதிப்பு ஏறிவிட்டது.

ஊர் பெயரைத் தட்டாவிட்டாலும் ஊரைக் கணக்கில் எடுக்கும் பழக்கம் ஓரளவு முன்பே உண்டு. 2012 பிப்ரவரியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு அது மேப் பகுதியைத் தாண்டி, சாதாரண நீல லிங்க்குகளின் வரிசையிலும் வெளிப்படையாகத் தெரிய ஆரம்பித்தது. தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை செய்யும் எஸ்இஓக்காரர்கள் அதை "வெனிஸ் அப்டேட்" என்பார்கள்.

நான் எங்கே இருக்கிறேன் என்பது கூகுளுக்கு எப்படித் தெரிகிறது?

தேடல் பக்கத்தின் அடிமட்டம் வரை போய்ப் பாருங்கள். ஊர் பெயரோ பின்கோடோ எழுதியிருக்கும். அதன் பக்கத்திலேயே அந்த இடம் உங்கள் கருவியிலிருந்து தெரிந்ததா, ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்புக்கு உள்ள எண்) தெரிந்ததா, உங்கள் பழைய நடவடிக்கைகளை வைத்து ஊகித்ததா என்றும் சின்ன எழுத்தில் இருக்கும். இடத்தைப் புதுப்பிக்க ஒரு பொத்தானும் உண்டு. ரேங்க் மாறுகிறது என்று புலம்புகிற பலர் இந்த ஒரு வரியைப் பார்த்ததே இல்லை. என்னைக் கேட்டால், வேறு எதையும் தொடும் முன் பார்க்க வேண்டியது அதுதான்.

போனில் லொக்கேஷன் அனுமதி கொடுத்திருந்தால் தெரு அளவுக்குத் துல்லியமாகத் தெரியும். கொடுக்காவிட்டால் ஐபி முகவரிதான் ஆதாரம். அங்கேதான் குழப்பம். மொபைல் இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கான சந்தாதாரர்கள் ஒரே பொது ஐபியைப் பகிர்ந்துகொள்வது சகஜம். அந்த ஐபி, கம்பெனியின் பெரிய மையம் இருக்கும் நகரத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். தேனியில் உட்கார்ந்து தேடுபவரைக் கூகுள் சென்னைக்காரர் என்று நினைத்துக்கொள்வது அப்படித்தான். அதே வீட்டில் பிராட்பேண்ட் வைஃபைக்கு மாறினால் ஊரும் மாறும், வரிசையும் மாறும். போனுக்கும் லேப்டாப்புக்கும் வேறு வேறு ரேங்க் வருகிறது என்றால் பாதி நேரம் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இன்காக்னிட்டோவில் தேடினால் எல்லாருக்கும் தெரிவது எனக்கும் தெரியுமா?

தெரியாது. பிரவுசரின் மறைவு முறையான இன்காக்னிட்டோ உங்கள் கணக்கையும் பழைய குக்கிகளையும் (தளங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) ஒதுக்கிவைக்கும், அவ்வளவுதான். ஐபி அப்படியே இருக்கும். ஊர், மொழி, கருவி எதுவும் மாறாது.

என் தளத்தை நானே தினமும் திறப்பதால்தான் எனக்கு மேலே காட்டுகிறதோ?

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2005-ல் கணக்கில் நுழைந்து தேடுபவர்களுக்கு மட்டும் அவரவர் பழைய தேடல்களை வைத்து வரிசையைத் திருத்தும் வசதி வந்தது. 2009 டிசம்பரில் கணக்கில் நுழையாதவர்களுக்கும் அதை நீட்டித்தார்கள். பிரவுசரில் உள்ள குக்கியை வைத்து 180 நாள் தேடல்களைக் கணக்கில் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததை மட்டுமே பார்க்கும் குமிழிக்குள் அடைபட்டுவிடுவார் என்ற விவாதம் உலகம் முழுக்க எழுந்தது அந்தக் காலத்தில்தான்.

இப்போது நிலைமை வேறு. தனிப்பட்ட பழக்கத்தை வைத்து வரிசையை மாற்றுவது குறைவு, வித்தியாசங்களுக்குப் பெரும்பாலும் இடமும் மொழியும்தான் காரணம் என்று கூகுளே சொல்லிவருகிறது. சற்று முன் நீங்கள் தேடியது அடுத்த தேடலைக் கொஞ்சம் அசைக்கலாம். அடிக்கடி போகும் பக்கம் லேசாக மேலே வரலாம். ஆனால் மூன்றாம் பக்கத்தில் கிடக்கும் தளம் நீங்கள் பலமுறை திறந்ததால் முதலிடத்துக்கு வந்துவிடாது.

மேப்போடு சேர்ந்து மூன்று கடைகளைக் காட்டுகிறதே, அதில் ஏன் சில தெருக்களில் மட்டும் வருகிறேன்?

அது வேறு வரிசை, வேறு கணக்கு. 2015 ஆகஸ்ட் வரை அங்கே ஏழு கடைகள் வந்துகொண்டிருந்தன. பிறகு மூன்றாகச் சுருக்கினார்கள். கூகுள் வெளிப்படையாகச் சொல்லும் காரணிகள் மூன்று: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து கடை இருக்கும் தூரம், கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது என்பது. முதலாவதையும் கடைசியையும் நீங்கள் வளர்க்கலாம். தூரத்தை எதுவும் செய்ய முடியாது. வாடிக்கையாளர் நடக்க நடக்க அது மாறும்.

எத்தனை பேர் உயிரைக் கொடுத்து வெப்சைட்டைத் திருத்துகிறார்கள்! கூகுள் மேப்பில் கடையைப் பற்றி வரும் பிசினஸ் ப்ரொஃபைலில் கடை திறக்கும் நேரம்கூடத் தப்பாக இருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சரியான வகை, சரியான முகவரி, இப்போது எடுத்த போட்டோ, ரிவ்யூ எழுதியவருக்கு ஒரு பதில். கடையின் பெயரோடு "மதுரை நம்பர் 1 சுங்குடி சேலை மலிவு விலை" என்றெல்லாம் ஒட்டாதீர்கள். அது விதிமீறல், யாராவது புகார் செய்தால் ப்ரொஃபைலையே முடக்கவும் கூடும்.

அதே இடம், அதே போன், அதே சொற்கள். அரை மணி நேரத்தில் ரேங்க் மாறிவிட்டது. இது எப்படி?

இங்கேதான் கூகுளின் சர்வர்கள் வருகின்றன. "கூகுள் சர்வர்" என்று ஒரு இயந்திரம் எங்கோ இருப்பதாக நினைத்தால் இது புரியாது. பல கண்டங்களில், சர்வர்களை அடுக்கிவைத்த டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஐயோவா, ஒரிகன், ஐரோப்பாவில் பின்லாந்து, ஆசியாவில் சிங்கப்பூர், தைவான் என்று நீளும் பட்டியல் அது. உங்கள் தேடல் எந்த டேட்டா சென்டரில் உள்ள சர்வர் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்பதைத் தூரத்தையும் அந்த நேரத்து நெரிசலையும் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். இந்த அமைப்பைப் பற்றிக் கூகுள் பொறியாளர்களே 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அப்போதே 15,000-க்கும் மேற்பட்ட சாதாரண பிசிக்கள் வேலை செய்தன. எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று குறித்துவைத்த இணையத்தின் அட்டவணையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பல நகல் வைத்து, ஒரு தேடலை எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பி, வரும் விடைகளைச் சேர்த்து வரிசைப்படுத்துவதுதான் அந்த முறை.

நகல்கள் இருக்கும்போது அவை எல்லாம் ஒரே கணத்தில் புதுப்பிக்கப்படுவதில்லை. அந்தக் காலத்தில் இது வெட்டவெளிச்சமாகத் தெரியும். 2000-களின் தொடக்கத்தில் கூகுள் தன் அட்டவணையை ஏறக்குறைய மாதம் ஒருமுறைதான் மாற்றும். புதியது ஒவ்வொரு டேட்டா சென்டராகப் போய்ச்சேரச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்களில் ஒரே தேடலுக்குப் பழைய வரிசையும் புதிய வரிசையும் மாறி மாறி வரும். அதற்கு "கூகுள் டான்ஸ்" என்றே பெயர். கூகுள் முகவரியில் மூன்று டபிள்யூவுக்குப் பின்னால் 2 அல்லது 3 என்று எண்ணைச் சேர்த்தால் வேறு டேட்டா சென்டரின் விடை கிடைக்கும். வெப்மாஸ்டர்கள் அதைத் திறந்து வைத்துக்கொண்டு தங்கள் புது ரேங்க் வந்துவிட்டதா என்று விடிய விடியக் காத்திருப்பார்கள். 2003-ன் நடுப்பகுதியில் மாதாந்திர மாற்றம் போய், கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்ந்து புதுப்பிக்கும் முறை வந்தது. 2010 ஜூனில் "காஃபீன்" என்ற புது அட்டவணை அமைப்பு வந்த பின், ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்த சிறிது நேரத்திலேயே அதைத் தேடலில் சேர்க்க முடிந்தது.

ஆட்டம் சிறியதாகிவிட்டது, ஆனால் நிற்கவில்லை. நீங்கள் முதலில் தேடியபோது விடை தந்த கூட்டமும் அரை மணி கழித்து விடை தந்த கூட்டமும் வேறாக இருக்கலாம். உங்கள் பக்கத்தின் புதிய பதிப்பு ஒன்றுக்குப் போய்ச்சேர்ந்திருக்கும், இன்னொன்றுக்கு வந்திருக்காது. அதோடு, இத்தனை இயந்திரங்களில் ஒன்றிரண்டு தாமதமாகப் பதில் சொன்னால் எல்லாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். போதுமான இயந்திரங்கள் பதில் தந்ததும் கையில் இருப்பதைக் கொடுத்துவிடும் உத்தியைப் பற்றியும் 2013-ல் கூகுள் பொறியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது அபூர்வமாகத்தான் நடக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு காரணம், சோதனைகள். தேடுபவர்களில் ஒரு சிறு பங்கினருக்கு மட்டும் புதிய வரிசைமுறையைக் காட்டிப் பார்ப்பது ஆண்டு முழுக்க நடக்கிறது. நீங்கள் அந்தச் சிறு பங்கில் இருக்கலாம், உங்கள் மச்சான் இல்லாமல் இருக்கலாம். வரிசை போடும் முறையையே கூகுள் மாற்றும் பெரிய கோர் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும் வாரங்களில் அசைவு இன்னும் அதிகம். 2024 மார்ச் 5-ல் தொடங்கிய கோர் அப்டேட் ஏப்ரல் 19-ல்தான் முடிந்தது. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்த ரேங்க்கை வைத்து யாரும் எந்த முடிவும் எடுத்திருக்கக் கூடாது.

ஓரிரு இடங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். பத்து இடம் இறங்கி இரண்டு வாரம் அங்கேயே நின்றால் அப்போது காரணம் தேடலாம்.

என் ஹோஸ்டிங் அமெரிக்காவில் இருக்கிறது. மும்பைக்கு மாற்றினால் இந்தியாவில் ரேங்க் ஏறுமா?

சர்வர் இந்தியாவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஏறாது. தளம் எந்த நாட்டுக்கானது என்பதை ஊகிக்கக் கூகுள் பார்க்கும் அடையாளங்களில் சர்வரின் ஐபியும் ஒன்று. ஆனால் உறுதியானது அல்ல என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். இப்போது நிறையத் தளங்கள் சிடிஎன்னுக்குப் பின்னால், அதாவது பல ஊர்களில் நகல் வைத்துக் கொடுக்கும் சர்வர்களுக்குப் பின்னால் இருக்கின்றன. ஐபியைப் பார்த்தால் கிளவுட்ஃப்ளேர் மாதிரி சிடிஎன் கம்பெனிதான் தெரியும், உண்மையான சர்வர் எங்கே என்று தெரியாது. டொமைனின் கடைசி எழுத்துகள் அதைவிட வலுவான அடையாளம். டாட் இன் என்றால் இந்தியா, டாட் எல்கே என்றால் இலங்கை. டாட் காம் என்றால் பக்கத்தின் மொழி, முகவரி, ரூபாய் விலை, உங்களுக்கு லிங்க் கொடுக்கும் தளங்கள் எல்லாம் பேசும்.

ஆனால் மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. வேகத்துக்காக மாற்றலாம். ஃபைபரில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரை 13,000 கிலோமீட்டருக்கும் மேல். நேர்கோட்டில் போய் வந்தாலே 130 மில்லிநொடி ஆகும். கேபிள் வளைந்து நெளிந்து போவதால் நிஜத்தில் 200-ஐத் தாண்டும். பாதுகாப்பான இணைப்பில் முதல் எழுத்து வந்துசேரும் முன் பொதுவாக மூன்று தடவை போய்வர வேண்டும்: இணைப்பு ஏற்படுத்த ஒன்று, பூட்டுச் சாவி மாற்றிக்கொள்ள ஒன்று, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒன்று. ஆக அரை நொடிக்கு மேல் வெறும் பயணத்திலேயே போய்விடும். மும்பை சர்வர் என்றால் ஒரு தடவைக்கு 20, 30 மில்லிநொடிதான்.

இது ரேங்க்கைத் தொடுமா? கொஞ்சம். 2021 முதல் கோர் வெப் வைட்டல்ஸ் என்ற வேக அளவுகளை ரேங்க்கில் சேர்க்கிறார்கள். அதை க்ரோமில் உங்கள் தளத்தைத் திறந்த நிஜமான ஆட்களின் 28 நாள் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். பக்கத்தின் முக்கியமான பகுதி, நான்கில் மூன்று தடவையாவது 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். உங்கள் வாடிக்கையாளர்கள் தமிழ்நாட்டில், சர்வர் வர்ஜீனியாவில் என்றால் அந்தக் கணக்கு உங்களுக்குப் பாதகமாகத்தான் இருக்கும். இருந்தாலும் நல்ல உள்ளடக்கம் இல்லாத பக்கத்தை வேகம் மட்டும் மேலே தூக்கிவிடாது. ரேங்க்கைவிட, பக்கம் திறக்கவில்லை என்று திரும்பிப் போகிற மனிதருக்காகத்தான் வேகம் வேண்டும் என்பது என் கருத்து.

சர்வரால் ரேங்க் உண்மையிலேயே அடிவாங்குவது எப்போது?

தளங்களைப் படித்துப்போக வரும் கூகுளின் புரோகிராமான கூகுள்பாட் உள்ளே வர முடியாதபோது. கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்துதான் வருகிறது. ஹேக்கர் தொல்லை என்று வெளிநாட்டு ஐபி எல்லாவற்றையும் ஃபயர்வாலில் (சர்வரின் காவல் மென்பொருள்) அடைத்துவிடும் வழக்கம் நம் நாட்டில் நிறைய இருக்கிறது. கடைக்காரர் தன் ஊரிலிருந்து திறந்தால் தளம் ஜோராகத் திறக்கும். கூகுள்பாட் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். சில வாரங்களில் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் தேடலிலிருந்து காணாமல் போகும், யாருக்கும் காரணம் புரியாது. தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலில் உள்ள யுஆர்எல் சோதனையில் நேரடிச் சோதனையை ஓட்டினால், கூகுளால் உங்கள் பக்கத்தைத் திறக்க முடிகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும்.

இதன் இன்னொரு வடிவம், வருபவரின் நாட்டைப் பார்த்துத் தானாகவே வேறு பக்கத்துக்குத் தள்ளுவது. இந்திய ஐபிக்குத் தமிழ்ப் பக்கம், மற்றவர்களுக்கு ஆங்கிலப் பக்கம் என்று வைத்தால், அமெரிக்காவிலிருந்து வரும் கூகுள்பாட் ஆங்கிலப் பக்கத்தை மட்டுமே பார்க்கும். தமிழ்ப் பக்கம் இருப்பதே அதற்குத் தெரியாமல் போகலாம். ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வைத்து, மேலே ஒரு லிங்க் போட்டு, வருபவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

சர்வர் அடிக்கடி படுத்துக்கொண்டாலும் இதே கதிதான். 500 வரிசைப் பிழைகள் (சர்வரில் கோளாறு என்று சொல்லும் எண்கள்) தொடர்ந்து வந்தால் கூகுள்பாட் முதலில் வருகையைக் குறைக்கும். நாள் கணக்கில் நீடித்தால் பக்கத்தையே நீக்கிவிடும். ஓரிரு மணி நேரப் பராமரிப்புக்கு 503 (தற்காலிகமாக இயங்கவில்லை என்ற எண்) கொடுத்தால் பிரச்சினை இல்லை.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் (ஒரே சர்வரில் பல தளங்கள்) பக்கத்தில் இருக்கும் தளம் மோசமானது என்றால் எனக்கும் பாதிப்பா?

சாதாரணமாக இல்லை. லட்சக்கணக்கான நல்ல தளங்கள் ஐபியைப் பகிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. சர்வரின் வேகத்தை அவர்கள் உறிஞ்சிவிடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

என் வாசகர்கள் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று எங்கும் இருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே ரேங்க் எதிர்பார்க்கலாமா?

முடியாது, எதிர்பார்க்கவும் வேண்டாம். "பிறப்புச் சான்றிதழ் பெறுவது எப்படி" என்று சென்னையில் தேடுபவருக்கு மாநகராட்சி வழிமுறை வேண்டும், யாழ்ப்பாணத்தில் தேடுபவருக்குப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் வழிமுறை வேண்டும். மொழி ஒன்று, தேவையான விடை வேறு. கூகுள் நாட்டைப் பார்க்காமல் விடை கொடுத்தால் தமிழ்நாட்டுப் பக்கங்களின் எண்ணிக்கையே மற்ற நாட்டுத் தமிழர்களின் பக்கங்களை மூடிவிடும். அந்த வகையில் இடம் பார்ப்பது சின்ன நாட்டுத் தமிழ்த் தளங்களுக்கு ஒரு காப்பு என்றே நான் நினைக்கிறேன்.

முன்பு இந்தியக் கூகுள், இலங்கைக் கூகுள் என்று முகவரியை மாற்றித் தட்டினால் அந்த நாட்டு வரிசை வரும். 2017 அக்டோபரிலிருந்து முகவரி எதுவானாலும் நீங்கள் இருக்கும் நாட்டின் விடைதான். 2025 ஏப்ரலில், நாட்டு முகவரிகளையும் படிப்படியாகக் கூகுள் டாட் காமுக்கே திருப்பிவிடப்போவதாக அறிவித்தார்கள்.

ஒவ்வொரு நாட்டுக்கும் தனிப் பக்கம் வைத்திருந்தால் ஹெச்ரெஃப்லாங் குறியீட்டில் இது இந்தியத் தமிழ், இது இலங்கைத் தமிழ், இது சிங்கப்பூர்த் தமிழ் என்று குறிப்பிடலாம். ஒரு பக்கம் இன்னொன்றைச் சுட்டினால் அதுவும் திரும்பச் சுட்ட வேண்டும்; இல்லாவிட்டால் குறியீட்டைக் கண்டுகொள்ள மாட்டார்கள். கதை, கவிதை, சமையல் மாதிரி எல்லாருக்கும் பொதுவான தளம் என்றால் இந்தச் சிரமமே வேண்டாம். டாட் காமில் ஒரே தளமாக நடத்துங்கள். டொராண்டோ வாசகர்களுக்காகத் தொடங்கும் தளத்துக்கு டாட் இன் டொமைன் வாங்குவது மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளும் தடை.

தமிழ் எழுத்தில் தேடுவதற்கும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவதற்கும் ரேங்க் மாறுமா?

நன்றாகவே மாறும். கூகுளுக்கு அவை இரண்டு வேறு தேடல்கள், போட்டியிடும் பக்கங்களும் வேறு. இந்தியாவில் 2020 இறுதியில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் மாற்றிப் பார்க்கும் வசதி வந்தது. ஆங்கில எழுத்தில் தட்டினாலும் பொருத்தமான இடத்தில் இந்திய மொழிப் பக்கங்களைக் காட்டப்போவதாகவும் அப்போதே சொன்னார்கள். உங்கள் வாடிக்கையாளர் எப்படித் தட்டுகிறார் என்று சர்ச் கன்சோலின் தேடல் பட்டியலில் பாருங்கள். உங்கள் ஊகத்துக்கும் அதற்கும் நிறைய தூரம் இருக்கும்.

சட்டத்தாலும் வரிசை மாறுமா?

மாறும். ஐரோப்பிய நீதிமன்றம் 2014 மே 13 அன்று கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, தன் பெயரைத் தேடும்போது வரும் பழைய, பொருத்தமற்ற பக்கங்களை நீக்கும்படி அங்கே உள்ளவர்கள் கேட்கலாம். உலகம் முழுக்க நீக்கத் தேவையில்லை, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நீக்கினால் போதும் என்று 2019 செப்டம்பர் 24 அன்று அதே நீதிமன்றம் சொன்னது. அதனால் பாரிஸில் தேடினால் இல்லாத பக்கம் சென்னையில் இருக்கும். பாரிஸில் இருக்கும் உறவினர் "எனக்கு அந்த லிங்க் வரவில்லையே" என்றால் இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

வேறு ஊரில் என் ரேங்க் என்ன என்று நானே பார்க்க வழி உண்டா?

உண்டு. க்ரோமில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெவலப்பர் கருவிகள் திறக்கும். அதில் சென்சார்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். லொக்கேஷன் என்ற இடத்தில் மதுரைக்கு 9.92, 78.12 என்று கொடுங்கள், சென்னைக்கு 13.08, 80.27. பிறகு கூகுளில் தேடி, பக்கத்தின் அடியில் இடத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்துங்கள். லொக்கேஷன் அனுமதி கேட்டால் கொடுங்கள். அடியில் உள்ள ஊர் பெயர் மாறியதை உறுதிசெய்துகொண்டு அதன்பின் வரிசையைப் பாருங்கள். கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு இதைச் செய்வது நல்லது.

விபிஎன் (வேறு ஊரின் ஐபியிலிருந்து வருவதாகக் காட்டும் சேவை) போட்டுப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. விபிஎன் ஐபிகள் டேட்டா சென்டருக்குச் சொந்தமானவை. அவை எந்த ஊர் என்று பதிவாகியிருக்கிறதோ அதுவே தவறாக இருக்கலாம். நாடு அளவுக்குச் சோதிக்கச் சரி, ஊர் அளவுக்கு உதவாது.

சர்ச் கன்சோலில் என் சராசரி இடம் 10 என்கிறது. தேடினால் பத்தாவது இடத்தில் நான் எங்குமே இல்லையே?

இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு சொல்லுக்கு உங்கள் தளம் 100 தடவை காட்டப்பட்டது என்று வையுங்கள். மதுரையில் தேடிய 20 பேருக்கு 2-வது இடம். சென்னையில் தேடிய 80 பேருக்கு 12-வது இடம். இருபதை இரண்டால் பெருக்கினால் 40, எண்பதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 960, கூட்டினால் 1,000. நூறால் வகுத்தால் 10. உங்களைப் பத்தாவது இடத்தில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை, ஆனாலும் சராசரி பத்து. அடுத்த மாதம் சென்னையில் உங்களைக் காட்டுவது இன்னும் அதிகமானால் சராசரி கீழே போகும்; மதுரையில் நீங்கள் இரண்டாவது இடத்திலேயே இருப்பீர்கள். ரேங்க் விழுந்துவிட்டது என்று அலறுவார்கள், உண்மையில் புது ஊரில் தெரிய ஆரம்பித்திருப்பீர்கள்.

அதனால் சராசரி இடத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள். கிளிக், இம்ப்ரெஷன் (எத்தனை தடவை காட்டப்பட்டது) இரண்டோடும் சேர்த்துப் பாருங்கள். நாடு, கருவி வாரியாகப் பிரிக்கலாம். ஊர் வாரியாகப் பிரிக்க சர்ச் கன்சோலில் வசதி இல்லை. ஊர்க் கடைக்கு பிசினஸ் ப்ரொஃபைலில் வரும் கணக்கு இதைவிட உதவும். எத்தனை பேர் போன் செய்தார்கள், எத்தனை பேர் வழி கேட்டார்கள் என்று அங்கே இருக்கும்.

முதலிடத்துக்கு உத்தரவாதம் என்று ஒரு ஏஜென்சி ஸ்கிரீன்ஷாட்டோடு வருகிறது. நம்பலாமா?

முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் தெரிந்தபின் ஸ்கிரீன்ஷாட்டுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே புரியும். உங்கள் கடை வாசலில் நின்று, உங்கள் கடைப் பெயரையே தட்டினால் யாராலும் முதலிடம் காட்ட முடியும். சின்னக் கடைக்காரர்கள் மாதச் சம்பளம் மாதிரி இதற்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

நல்ல எஸ்இஓக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காண, ரிப்போர்ட்டில் இருக்கும் ஒவ்வொரு ரேங்க்குக்கும் பக்கத்தில் எந்த ஊர், போனா கம்ப்யூட்டரா, எந்த மொழியில் தட்டியது, எந்தத் தேதி என்று நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கூடவே உங்கள் சர்ச் கன்சோலுக்கும் பிசினஸ் ப்ரொஃபைலுக்கும் உரிமையாளர் கணக்கு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், அவர்களுக்குப் பயனர் அனுமதி மட்டும் கொடுங்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் உங்கள் கணக்குக்காக நீங்கள் யாரிடமும் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டியிராது.